இசட்விஎம் மேல் லினக்ஸ் கெஸ்ட் பூட் ஆகலை: சர்வீஸ் காரணமா, கர்னல் காரணமா?

தரைத்தள_ராக் | 4 மார்ச், இரவு 9:10

இசட்விஎம் 7.2 (ஒரே மெயின்ஃப்ரேமைப் பல மெய்நிகர் மெஷினா, அதாவது கெஸ்டா, பிரிச்சு ஓட்டுற மென்பொருள்), மேலே எல்லாம் ரெட் ஹேட் 8 கெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை இசட்விஎம்முக்கு சர்வீஸ் (திருத்தத் தொகுப்பு) போட்டு முழு சிஸ்டத்தையும் ஐபிஎல் (மெயின்ஃப்ரேம் பேச்சுல பூட்) பண்ணினோம். மற்ற கெஸ்ட் எல்லாம் தானா எழுந்துடுச்சு. ரெண்டு மட்டும் மக்கர். முதலாவது டிராகட் (பூட் ஆரம்பத்துல ரூட்டைத் தேடி மவுண்ட் பண்ற கருவி) எமர்ஜென்சி ஷெல்லுல வந்து நிக்குது. ரெண்டாவது லாகான் பண்ணும்போதே 200 டிஸ்க் இல்லைங்குது. ரெண்டுமே பல மாசமா ரீபூட் பார்க்காத கெஸ்ட். நடுவுல முதல் கெஸ்ட்ல கர்னல் அப்டேட் வேற போயிருக்கு. என் கணிப்பு: சர்வீஸ்தான் எதையோ உடைச்சிருக்கு. சர்வீஸைத் திருப்பி எடுக்கிறதா, கர்னலைப் பின்னுக்குக் கொண்டுபோறதா?

பச்சைத்திரை | 4 மார்ச், இரவு 9:35

ரெண்டும் வேண்டாம். எதையும் தொடுறதுக்கு முன்னாடி கன்சோல்ல கடைசியா வந்த வரி யார் எழுதினதுன்னு பாருங்க. பூட் பாதையில ஆறு பேர் வரிசையா நிக்கிறாங்க, ஒவ்வொருத்தர் எழுத்தும் தனி.

வரி எச்சிபின்னு ஆரம்பிச்சா பேசுறது சிபி, அதாவது இசட்விஎம்மோட மையப் பகுதி. லினக்ஸ் இன்னும் உள்ளேயே வரலை, இல்லைன்னா வந்து செத்துப்போச்சு. எம்எல்ஓன்னு ஆரம்பிச்சா எஃப்சிபி (ஃபைபர் சேனல் வழியா வர்ற) டிஸ்க்ல இருந்து ஏத்துற மெஷின் லோடர். பூட் மெனு, "பூட்டிங் டிஃபால்ட்" இதெல்லாம் மெயின்ஃப்ரேம் லினக்ஸோட பூட் லோடரான இசட்ஐபிஎல்லோட எழுத்து. சதுர அடைப்புக்குள்ள விநாடிக் கணக்கு வந்தா கர்னல். டிராகட் பேர் வந்தா இனிட்ராம்எஃப்எஸ், அதாவது ரூட் மவுண்ட் ஆகுற வரைக்கும் நினைவகத்துல ஓடுற குட்டி சிஸ்டம். "ஸ்டார்ட் ஜாப்"னு வந்தா சிஸ்டம்டி, பெரும்பாலும் ரூட் ஏற்கெனவே மவுண்ட் ஆயிருக்கும்.

கடைசி வரிக்கு உரியவர் தன் வேலையை ஆரம்பிச்சிருக்கார், முடிக்கலை. கோளாறு அங்கே, இல்லைன்னா அவர் கேட்ட பொருள்ல. அவருக்கு முன்னாடி நின்னவங்களை விட்டுடுங்க. உங்க முதல் கெஸ்ட்ல டிராகட் வரைக்கும் வந்தாச்சுன்னா சிபி, லோடர், கர்னல் மூணும் நிரபராதி. ரெண்டாவது கெஸ்ட்ல லினக்ஸ் குற்றவாளியாவே இருக்க முடியாது.

ரெண்டு கெஸ்டோட கடைசி பத்து வரியை அப்படியே போடுங்க.

தரைத்தள_ராக் | 4 மார்ச், இரவு 10:02

முதல் கெஸ்ட்: "டிராகட்-இனிட்க்யூ டைம்அவுட்" எச்சரிக்கை பல தடவை. அப்புறம் ரூட் எல்வி (எல்விஎம் பிரிச்சுத் தர்ற லாஜிக்கல் வால்யூம்) இல்லைன்னு ஒரு வரி. அதோட ஷெல்.

ரெண்டாவது: எச்சிபிஎல்என்எம்108இ, டாஸ்டி (மெயின்ஃப்ரேம் டிஸ்க்) 0200 லிங்க் ஆகலை, வால்யூம் மவுண்ட் ஆகலைன்னு சொல்லுது. டிஸ்க் இருக்கு, ஸ்டோரேஜ் ஆட்கள் சத்தியம் பண்றாங்க.

பச்சைத்திரை | 4 மார்ச், இரவு 10:20

ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரே நாள்ல வெளிய வந்ததுதான் ஒற்றுமை. முதலாவதை முதல்ல முடிப்போம்.

ரூட் இருக்கிற வால்யூம் குரூப்ல (எல்விஎம் ஒண்ணா சேர்த்த டிஸ்க் கூட்டம்) அண்மையில புது டிஸ்க் சேர்த்தீங்களா? எமர்ஜென்சி ஷெல்லுல "எல்விஎம் பிவிஎஸ்" அடிச்சா ஒரு பிவி (அந்தக் கூட்டத்துல ஒரு டிஸ்க்) தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லும்.

தரைத்தள_ராக் | 4 மார்ச், இரவு 10:41

ஆமா, சொல்லுது. ஜனவரியில /வார் நிரம்பிடுச்சுன்னு 203 டிஸ்க் சேர்த்து விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் பண்ணியிருக்காங்க. அன்னைக்கே நல்லா வேலை செஞ்சுது, இத்தனை நாளும் ஓடிச்சு. ஒரு டிஸ்க் இத்தனை நாள் ஓடிட்டு இன்னைக்கு எப்படி மறையும்?

பச்சைத்திரை | 4 மார்ச், இரவு 11:15

ஓடுற சிஸ்டத்துல "சிஎச்சிசிடபிள்யூடெவ் -இ 0.0.0203" போட்டா டிஸ்க் ஆன்லைன் ஆகும். ஆனா அது அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான். அடுத்த பூட்ல இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு 203ன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. மெயின்ஃப்ரேம் லினக்ஸ் பிசி மாதிரி கண்ல பட்ட டிஸ்கையெல்லாம் எடுத்துக்காது, சொன்னதை மட்டும்தான் ஆன்லைன் கொண்டுவரும். போதாக்குறைக்கு ரெட் ஹேட் நிறுவும்போதே கர்னல் வரியில "சிஐஓ_இக்னோர்=ஆல்,!காண்டெவ்" போட்டு வைக்குது. அதாவது கன்சோலைத் தவிர எல்லா டிவைசையும் கண்டுக்காதே. ரூட் எல்வியோட ஒரு பகுதி அந்த டிஸ்க்ல இருந்தா, அது இல்லாம எல்வி எழும்பாது.

இப்போ எழுப்ப, அதே ஷெல்லுல:

"எக்கோ ஃப்ரீ 0.0.0203 > /ப்ராக்/சிஐஓ_இக்னோர்"
"எக்கோ 1 > /சிஸ்/பஸ்/சிசிடபிள்யூ/டிவைசஸ்/0.0.0203/ஆன்லைன்"
"எல்விஎம் விஜிசேஞ்ச் -ஏஒய்"
"எக்ஸிட்"

முதல் வரிக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடுங்க. டிவைஸ் பதிவாகுறதுக்குள்ள ஆன்லைன் எழுதினா அந்த ஃபைலே இல்லைன்னு வரும். எக்ஸிட் போட்டதும் பூட் தொடரும்.

எழுந்ததுக்கு அப்புறம் நிரந்தரமாக்கணும். ரூட்டுக்கு வேண்டிய டாஸ்டி கர்னல் வரியிலயே இருக்கணும்:

"கிரபி --அப்டேட்-கர்னல்=ஆல் --ஆர்க்ஸ்=ஆர்டி.டாஸ்டி=0.0.0203"
"இசட்ஐபிஎல் -வி", இங்க வி பெரிய எழுத்து.

ரெண்டாவது கட்டளையை விட்டா முதல் கட்டளை வீண். கிரபி மாத்துறது /பூட்/லோடர்/என்ட்ரீஸ்ல இருக்கிற ஃபைல்களை மட்டும்தான். லோடர் அந்த ஃபைல்களைப் படிக்கவே படிக்காது, இசட்ஐபிஎல் எழுதி வச்ச வரைபடத்தைத்தான் படிக்கும். முடிச்சதும் "கிரபி --இன்ஃபோ=ஆல்" அடிச்சு எல்லா என்ட்ரியிலயும் 203 வந்திருக்கான்னு பாருங்க, ரெஸ்க்யூ என்ட்ரி உட்பட. அப்புறம் இன்னொரு ரீபூட், மாத்தினவர் பக்கத்துல இருக்கும்போதே.

ஈசிகேடி_ஒன்பது | 5 மார்ச், காலை 7:50

மேலே சொன்னது ரெட் ஹேட்டுக்குச் சரி. ரூட்டுக்குத் தேவைப்படாத டிஸ்க் என்றால் கர்னல் வரியில் போட வேண்டியதில்லை, /இடிசி/டாஸ்டி.கான்ஃப் போதும், அல்லது "சிஎச்இசட்டெவ் -இ 0.0.0204". சிஎச்இசட்டெவ் யுடெவ் விதியையும் சேர்த்தே எழுதிவிடும். கையால் சிஎச்சிசிடபிள்யூடெவ் போடும் பழக்கத்தை விட்டுவிட்டால் இத்தகைய கேள்விகளில் பாதி வராது.

சூசேயில் கதை வேறு. 12ஆம் பதிப்பிலிருந்து அங்கே இரண்டு கட்ட பூட். இசட்ஐபிஎல் முதலில் /பூட்/இசட்ஐபிஎல் அடியில் உள்ள சிறு கர்னலையும் இனிட்ஆர்டியையும் ஏற்றும். அதற்குள் கிரப்2-எமு ஓடி மெனு காட்டும். தேர்ந்தெடுத்த கர்னலுக்கு கேஎக்செக் வழியாகத் தாவும். ஆகவே கன்சோல் பதிவில் கர்னலின் தொடக்க வரிகள் இரண்டு முறை வரும். இரண்டாம் முறை வரவில்லை என்றால் சிறு கர்னலால் /பூட் உள்ள டிஸ்கை எட்ட முடியவில்லை என்று பொருள். நீங்கள் உண்மையான இனிட்ராம்எஃப்எஸ்ஸை எத்தனை முறை திருப்பிக் கட்டினாலும் பயனில்லை. கிரப்2-இன்ஸ்டால் ஓட்டினால்தான் /பூட்/இசட்ஐபிஎல் புதுப்பிக்கப்படும்.

உபுண்டுவில் "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு" தானே இசட்ஐபிஎல்லையும் கூப்பிட்டுவிடும்.

பச்சைத்திரை | 5 மார்ச், காலை 8:30

உபுண்டு பழக்கத்துல வந்தவங்க ரெட் ஹேட்ல மாட்டுறதும் அதனாலதான். அங்க "டிராகட் -எஃப்" இசட்ஐபிஎல்லைக் கூப்பிடாது.

இதுல ஒரு விஷமம் இருக்கு. இசட்ஐபிஎல் எழுதி வைக்கிறது ஃபைல் பேரை இல்லை, அந்த ஃபைல் டிஸ்க்ல எந்தெந்த பிளாக்ல கிடக்குதுங்கிற முகவரியை. டிராகட் புது இனிட்ராம்எஃப்எஸ்ஸை வேற பிளாக்ல எழுதும். பழைய பிளாக் விடுவிக்கப்படும், ஆனா உள்ள இருக்கிறது உடனே அழியாது. வீடு மாறிப் போனவருக்குப் பழைய முகவரியில தபால் போய்ச் சேர்ற மாதிரி, லோடர் அங்கயே போய்ப் பழசை எடுத்து நல்லாவே பூட் ஆகும். இன்னொரு கர்னல் அப்டேட் வந்து அந்த பிளாக் மேல எழுதுற வரைக்கும். அப்புறம் ஒருநாள் இனிட்ஆர்டி குப்பையா வரும், ரூட் மவுண்ட் ஆகாம கர்னல் பேனிக். திட்டு விழுறது அன்னைக்கு மாத்தினவருக்கு, கோளாறு போன மாசத்துது. பேக்கப்பில இருந்து /பூட்டை ஃபைல் அளவுல மீட்டெடுத்தாலும் இதே கதைதான்.

அதனால /பூட்ல எது அசைஞ்சாலும் "இசட்ஐபிஎல் -வி". தேவையில்லாத நேரத்துல ஓட்டினாலும் கெடுதல் ஒண்ணும் இல்லை.

தரைத்தள_ராக் | 5 மார்ச், காலை 10:05

முதல் கெஸ்ட் எழுந்துடுச்சு. ரீபூட்டும் பண்ணிப் பார்த்தாச்சு. கர்னலைச் சந்தேகப்பட்டதுக்குப் பழைய கர்னல்ல பூட் பண்ணிப் பார்த்திருக்கலாமே, அதை எப்படிப் பண்றது? மெனு கண்ல படாமலே போயிடுது.

பச்சைத்திரை | 5 மார்ச், காலை 10:20

"ஐபிஎல் 200 லோட்பார்ம் ப்ராம்ப்ட்". மெனு வந்து நிக்கும். பதிலை சும்மா எண்ணா அடிச்சா போகாது, சிபி வழியா அனுப்பணும்: "#சிபி விஐ விஎம்எஸ்ஜி 2". எண் தெரிஞ்சா நேரா "ஐபிஎல் 200 லோட்பார்ம் 2". ரெண்டு கர்னல்லயும் ஒரே இடத்துல நின்னா கர்னலை விட்டுடுங்க.

சரி, ரெண்டாவது கெஸ்டுக்கு வருவோம். டைரக்டரியில (எந்த கெஸ்டுக்கு எந்த டிஸ்க்னு இசட்விஎம் வச்சிருக்கிற பட்டியல்) அந்த எம்டிஸ்க் (மினிடிஸ்க், உண்மை டிஸ்க்ல கெஸ்டுக்கு ஒதுக்கின பகுதி) வரி எப்படி இருக்கு? ஆரம்ப சிலிண்டர் 0வா, 1ஆ?

தரைத்தள_ராக் | 5 மார்ச், காலை 10:48

எம்டிஸ்க் 200 3390 0 எண்ட், வால்யூம் எல்எக்ஸ்9107. முழு பேக் கொடுத்திருக்காங்க. போன வருஷம் அந்த கெஸ்டைப் புதுசா நிறுவினாங்க, அதுக்கு அப்புறம் இசட்விஎம் ஐபிஎல் இதுதான் முதல் தடவை.

பச்சைத்திரை | 5 மார்ச், காலை 11:30

அப்போ விஷயம் இதுதான். 3390 வகை டாஸ்டியில வால்யூம் லேபிள் உட்கார்ந்திருக்கிறது சிலிண்டர் 0, டிராக் 0ல. மினிடிஸ்க் சிலிண்டர் 0ல ஆரம்பிச்சா, கெஸ்டுக்குள்ள டாஸ்டிஎஃப்எம்டி (டிஸ்கை ஃபார்மட் பண்ற கட்டளை) ஓடும்போது அந்த லேபிளையும் சேர்த்து எழுதிடும். வேற பேர் கொடுக்கலைன்னா அது வைக்கிற பேர் 0எக்ஸ்ஸும் டிவைஸ் எண்ணும். உங்களுக்கு 0எக்ஸ்0200.

அன்னைக்கே ஏன் வெடிக்கலை? சிபி லேபிளைப் படிக்கிறது வால்யூமை சிஸ்டத்தோட இணைக்கும்போது மட்டும்தான். அப்புறம் கீழே லேபிள் மாறினாலும் அதுக்குக் கவலையில்லை. அடுத்த இசட்விஎம் ஐபிஎல்ல எல்எக்ஸ்9107ஐத் தேடும், அந்தப் பேர்ல வால்யூம் கிடைக்காது, டிஸ்க் ஃப்ரீயா கிடக்கும். சர்வீஸ் மேல பழி விழுந்தது இப்படித்தான்.

மெயிண்ட்ங்கிற நிர்வாக ஐடியில இருந்து "க்யூ டாஸ்டி டீடெயில்ஸ் 9107" அடிங்க. வால்யூம் பேரைப் பார்த்துட்டு சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் அதை ஃபார்மட் பண்ணிடாம பார்த்துக்கோங்க. ஃப்ரீ டிஸ்க்னு லிஸ்ட்ல வந்தா எடுத்து உபயோகிக்க ஆள் காத்திட்டிருக்கும்.

தரைத்தள_ராக் | 5 மார்ச், காலை 11:44

0எக்ஸ்0200. அச்சு அசலா அதேதான்.

ஈசிகேடி_ஒன்பது | 5 மார்ச், மதியம் 12:30

லேபிளைத் திருப்பி வைக்கும் வேலையை சிபி ஃபார்மட் கருவிகளால் செய்யும் முன் யோசியுங்கள். அவை லேபிள் மட்டும் எழுதும் வழியும் வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு வார்த்தை தவறினால் சிலிண்டர் 0 முழுதும் போகும், பார்ட்டிஷன் விவரம் அதில்தான் இருக்கிறது. லினக்ஸ் பக்கமிருந்தே செய்வது நிம்மதி:

நல்ல நிலையில் உள்ள ஒரு லினக்ஸ் கெஸ்டுக்கு "அட்டாச் 9107" கொடுங்கள் (பி கிளாஸ் அதிகாரம் வேண்டும்). அங்கே "சிஐஓ_இக்னோர் -ஆர் 0.0.9107", பிறகு "சிஎச்சிசிடபிள்யூடெவ் -இ 0.0.9107". எல்எஸ்டாஸ்டியில் பெயரைப் பார்த்து, உதாரணமாக டாஸ்டிசி என்றால், "எஃப்டாஸ்டி /டெவ்/டாஸ்டிசி". மெனுவில் முதலில் பி அடித்துப் பார்ட்டிஷன்கள் தெரிகின்றனவா பாருங்கள். பிறகு வி, அது வால்யூம் சீரியல் மாற்றும். எல்எக்ஸ்9107 கொடுத்து டபிள்யூ அடித்தால் எழுதி வெளியேறும். பார்ட்டிஷனையோ அதன் உள்ளடக்கத்தையோ இது தொடாது.

அதன்பின் ஆஃப்லைன், டிடாச், "அட்டாச் 9107 சிஸ்டம்". கெஸ்டை லாகான் செய்தால் 200 வரும்.

இன்னொரு பொறி: இதே முறையில் இரண்டு கெஸ்டுகளை நிறுவியிருந்தால் இரண்டு வால்யூமும் 0எக்ஸ்0200 என்றே இருக்கும். அவசரத்தில் டைரக்டரியில் எம்டிஸ்க் வரியை 0எக்ஸ்0200 என மாற்றி "சரி" செய்பவர்கள் உண்டு. அடுத்த ஐபிஎல்லில் அந்தப் பெயரில் ஒரு வால்யூமைத்தான் சிபி ஏற்கும். அது எந்த வால்யூம் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

புதுஅட்மின் | 5 மார்ச், மதியம் 1:15

எங்க இடத்துல இப்படி எத்தனை கெஸ்ட் இருக்குன்னு டைரக்டரியைத் திறக்காம கண்டுபிடிக்க வழி இருக்கா? டைரக்டரி பார்க்க எனக்கு அனுமதி இல்லை.

பச்சைத்திரை | 5 மார்ச், மதியம் 1:40

இருக்கு, கணக்கு போட்டா போதும். 3390யில ஒரு சிலிண்டருக்கு 15 டிராக், 4096 பைட் பிளாக் ஒரு டிராக்குக்கு 12. ஆக சிலிண்டருக்கு 180 பிளாக். மாடல் 9ல 10017 சிலிண்டர், முழுசும் கெஸ்டுக்குக் கொடுத்தா எல்எஸ்டாஸ்டி 1803060 பிளாக் காட்டும். 1ல ஆரம்பிச்சிருந்தா 1802880. மாடல் 3ல 3339 சிலிண்டர்: 601020, 600840. முழு எண் வந்தா சிலிண்டர் 0 உங்க கையில இருக்கு, பயப்படுங்க.

பயந்துட்டு டைரக்டரியில 0வை 1ஆ மாத்திடாதீங்க. உள்ள இருக்கிற டேட்டா ஒரு சிலிண்டர் நகர்ந்துபோகாது, மினிடிஸ்க்தான் நகரும். அடுத்த லாகான்ல ஒரு பார்ட்டிஷனும் தெரியாது. இருக்கிற கெஸ்டுக்கு லேபிளைச் சரியா வச்சா போதும். புதுசுக்கு 1ல ஆரம்பிங்க. முழு பேக்கேதான் வேணும்னா டாஸ்டிஎஃப்எம்டிக்கு லேபிளைச் சொல்லிக் கொடுங்க, இல்லை பழைய லேபிளை வச்சுக்கோன்னு -கே போடுங்க.

தரைத்தள_ராக் | 5 மார்ச், மாலை 5:20

ரெண்டாவதும் எழுந்துடுச்சு, லேபிள் எஃப்டாஸ்டியிலயே மாத்தியாச்சு. ஆனா பூட் ஆக ஒன்றரை நிமிஷம் ஒரே இடத்துல நிக்குது. "ஸ்டார்ட் ஜாப்" வரியில 300 டிஸ்க் பேர் வருது. அப்புறம் தானா போகுது, ஸ்வாப் மட்டும் இல்லை.

பச்சைத்திரை | 5 மார்ச், மாலை 5:45

300 ஒரு விடிஸ்க், சரியா? நினைவகத்துல இருக்கிற டிஸ்க். லாக்ஆஃப் ஆனா காலி. ஒவ்வொரு லாகானுக்கும் ஸ்வாப் கையெழுத்தைப் புதுசா எழுதணும், அதை கெஸ்டோட 191 டிஸ்க்ல இருக்கிற ப்ரொஃபைல் எக்செக் (லாகான்ல தானா ஓடுற ஸ்கிரிப்ட்) ஸ்வாப்ஜென் மூலமா பண்ணும், அப்புறம் 200ஐ ஐபிஎல் பண்ணும். நீங்க அவசரத்துல அந்த ஸ்கிரிப்டை ஓட்டுற சிஎம்எஸ்ஸைத் (இசட்விஎம்மோட குட்டி ஓஎஸ்) தாண்டி நேரா "ஐபிஎல் 200" அடிச்சிருப்பீங்க. எஃப்எஸ்டேப்ல அந்த ஸ்வாப் யுயுஐடி வழியா இருந்தா அந்தப் பேர்ல ஒண்ணும் கிடைக்காது, சிஸ்டம்டி தன் வழக்கமான 90 விநாடி காத்திருந்துட்டுக் கைவிடும்.

"ஐபிஎல் சிஎம்எஸ்" பண்ணி ப்ரொஃபைலை ஓடவிடுங்க. எஃப்எஸ்டேப்ல நோஃபெயில் சேர்த்துவைங்க. விடிஸ்க் எஃப்பிஏ டிவைஸ், அதுக்கு டாஸ்டி_எஃப்பிஏ_மாட் வேணும், சிஐஓ_இக்னோர்ல இருந்தும் விடுவிக்கணும்.

புதுஅட்மின் | 5 மார்ச், இரவு 8:30

இதே இழையில கேட்டுக்கிறேன். என் கெஸ்ட் பூட் நடுவுல உறைஞ்சுபோகுது. பிழை எதுவும் இல்லை. திரை கீழ வலதுபக்கம் "ஹோல்டிங்".

பச்சைத்திரை | 5 மார்ச், இரவு 8:36

கிளியர் விசையை அழுத்துங்க.

புதுஅட்மின் | 5 மார்ச், இரவு 8:38

ஓடுது!!

பச்சைத்திரை | 5 மார்ச், இரவு 8:55

3270 (மெயின்ஃப்ரேம் டெர்மினல்) திரை நிரம்பினா சிபி "மோர்..." காட்டி நிறுத்தும், குறிப்பிட்ட நேரத்துக்கு அப்புறம்தான் தானா நகரும். என்டர் தட்டினா "ஹோல்டிங்" ஆயிடும், கிளியர் பண்ற வரைக்கும் நகராது. லினக்ஸ் கன்சோல் டிரைவரோட பஃபர் நிரம்பினதும் எழுத இடமில்லாம கர்னலே காத்திருக்கும். ஐபிஎல்லுக்கு முன்னாடி "டெர்ம் மோர் 0 0", "டெர்ம் ஹோல்ட் ஆஃப்" போட்டுடுங்க. ப்ரொஃபைல் எக்செக்ல "செட் ரன் ஆன்" இருக்கட்டும். இல்லைன்னா கன்சோல்ல சிபி ரீட் (சிபி கட்டளைக்குக் காத்திருக்கிற நிலை) வந்ததும் கெஸ்ட் அப்படியே நின்னுடும்.

உண்மையிலயே தொங்குதா, லூப்ல சுத்துதான்னு சந்தேகம் வந்தா "#சிபி இண்டிகேட் யூசர்" ரெண்டு தடவை அடிச்சு விடைம்ங்கிற எண்ணை (கெஸ்ட் இதுவரை செலவழிச்ச சிபியு நேரம்) பாருங்க. ஏறிக்கிட்டே போனா லூப். அசையலைன்னா எதுக்கோ காத்திருக்கு.

எமர்ஜென்சி ஷெல்லுல இன்னொரு தலைவலி, மேற்கோள் குறி காணாமப் போறது. சிபி இரட்டை மேற்கோளை எஸ்கேப் எழுத்தா எடுத்துக்கும், #ஐ வரி முடிவா எடுத்துக்கும். ஷெல் கட்டளை பாதியா போய்ச் சேரும், பிழைச் செய்தி எங்கேயோ கைகாட்டும். "#சிபி டெர்ம் எஸ்கேப் ஆஃப்" போட்டுட்டு ஆரம்பிங்க. கண்ட்ரோல்-சி வேணும்னா ^ போட்டு சி எழுத்தை அடிக்கணும். விஐ எடிட்டர் அந்தத் திரையில வராது, செட் (வரியாத் திருத்துற கட்டளை) தெரிஞ்சவன் பிழைச்சான்.

ஈசிகேடி_ஒன்பது | 6 மார்ச், காலை 7:40

இரவில் தானாக எழும் கெஸ்டுகளைப் பற்றி. டிஸ்கனெக்ட் நிலையில் ஓடும் கெஸ்ட் டிசேபிள்ட் வெயிட்டில் (எதற்கும் எழாமல் சிபியு நின்றுவிடும் நிலை) விழுந்தால் சிபி ரீடுக்குப் போகும். வழக்கமான அமைப்பில் 15 நிமிடத்தில் சிபி அதை லாக்ஆஃப் செய்துவிடும். காலையில் வந்து பார்த்தால் கெஸ்டும் இல்லை, கடைசி வரியும் இல்லை. இந்த இழை முழுதும் கடைசி வரியை நம்பி நடக்கிறது, அதைப் பிடித்து வைக்காவிட்டால் எதுவும் நடக்காது. ப்ரொஃபைலில் ஐபிஎல்லுக்கு முன் "ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட் டு மெயிண்ட்" என்று, அல்லது உங்கள் நிர்வாக ஐடிக்கு, போட்டு வையுங்கள். லாக்ஆஃப் ஆனாலும் பதிவு ரீடரில் இருக்கும், ஆர்டிஆர்லிஸ்ட்டில் பீக் செய்யலாம்.

அதில் எச்சிபிஜிஐஆர்450டபிள்யூ, பிஎஸ்டபிள்யூ 00020001 80000000 என்று இருந்தால் அதுவே நோய் அல்ல. கர்னல் பேனிக் ஆனபின் இப்படித்தான் படுக்கும். அதற்கு மேலே உள்ள நாற்பது வரிகளைப் படியுங்கள். மேலே ஒன்றுமே இல்லை, ஐபிஎல் கட்டளைக்கு அடுத்த வரியே இதுதான் என்றால் பூட் பதிவு பழுது. எச்சிபிஜிஎஸ்பி2629ஐ, சிக்ப் ஸ்டாப் (சிபியுவை நிறுத்தும் சைகை) என்று இருந்தால் யாரோ ஒழுங்காக ஷட்டவுன் செய்திருக்கிறார்கள். தேட வேண்டியது கோளாறை அல்ல, ஆளை.

தரைத்தள_ராக் | 6 மார்ச், காலை 9:15

எமர்ஜென்சி ஷெல் கூட வராத கெஸ்டுக்கு? டிஸ்கை இன்னொரு கெஸ்ட்ல லிங்க் பண்ணி சிஎச்ரூட் போட்டு சரி பண்ணலாமா?

பச்சைத்திரை | 6 மார்ச், காலை 9:50

பண்ணலாம். நோயாளி கெஸ்டை முதல்ல லாக்ஆஃப் பண்ணுங்க. நல்ல கெஸ்ட்ல "விஎம்சிபி லிங்க்", கெஸ்ட் பேர், 200, இங்க வேண்டிய எண் 1200, மோட் எம்ஆர் (வேற யாரும் எழுதலைன்னா மட்டும் எழுத அனுமதி). எம்டபிள்யூ ஒருநாளும் வேண்டாம், ரெண்டு பேர் ஒரே ஃபைல் சிஸ்டத்துல எழுதினா மீட்க எதுவும் மிஞ்சாது. ஆன்லைன், மவுண்ட், /டெவ் /ப்ராக் /சிஸ் மூணையும் பைண்ட் மவுண்ட், சிஎச்ரூட், டிராகட், இசட்ஐபிஎல். டிராகட்டுக்கு கர்னல் பதிப்பை வாயைத் திறந்து சொல்லணும். சொல்லலைன்னா மீட்புக் கெஸ்ட்ல ஓடுற பதிப்புக்குக் கட்டிடும்.

முடிஞ்சதும் அன்மவுண்ட், ஆஃப்லைன், "விஎம்சிபி டிடாச் 1200". டிடாச்சை மறந்தா நோயாளி கெஸ்ட் லாகான் ஆகும்போது அதோட 200 படிக்க மட்டும்னு வரும், எல்எஸ்டாஸ்டியில "ஆக்டிவ்(ஆர்ஓ)"ன்னு காட்டும், சிஸ்டம்டி மறுபடி எமர்ஜென்சிக்குப் போகும். பழைய நோய் போய் புது நோய்.

ஈசிகேடி_ஒன்பது | 6 மார்ச், காலை 10:25

1200 என்று எண் மாற்றி லிங்க் செய்வதில் ஒரு திருத்தம் தேவை. டிராகட் ஹோஸ்ட்ஒன்லி முறையில் ஓடினால் அந்த நேரத்தில் தான் காணும் டிவைஸைத்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் எழுதிவைக்கும். அதாவது 0.0.1200. சொந்த வீட்டுக்குப் போனால் அங்கே 1200 கிடையாது. மீட்புக்கென்றே ஒரு கெஸ்டை வைத்து, அதன் சொந்த டிஸ்குகளை 900 வரிசையில் கொடுத்துவிடுங்கள். அப்போது நோயாளியின் 200ஐ 200 ஆகவே லிங்க் செய்யலாம். அது முடியாவிட்டால் "--நோ-ஹோஸ்ட்ஒன்லி" போட்டுக் கட்டுங்கள், ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை.

எஃப்எஸ்டேப்பிலும் இதே கோணம். பை-ஐடி பாதையில் ஸ்டோரேஜ் பெட்டியின் அடையாளம் கலந்திருக்கும். குளோன் செய்த கெஸ்ட் தன் டிஸ்கை விட்டுவிட்டு மூலத்தின் டிஸ்கைத் தேடும். பை-பாத் என்றால் சிசிடபிள்யூ-0.0.0200-பார்ட்1 எல்லா குளோனுக்கும் பொருந்தும். /டெவ்/டாஸ்டிஏ என்று எழுதவே கூடாது, ஆன்லைன் வரும் வரிசை மாறினால் எழுத்து மாறும்.

பச்சைத்திரை | 6 மார்ச், காலை 10:40

ஒத்துக்கிறேன், மீட்புக் கெஸ்ட் தனியா இருக்கிறதுதான் நல்லது.

எஃப்சிபி டிஸ்க்ல பூட் பண்றவங்களுக்கு ரெண்டு வரி. "செட் லோட்டெவ் போர்ட்நேம்" கொடுக்கும்போது 16 இலக்கத்தை எட்டு எட்டா நடுவுல இடம் விட்டு அடிக்கணும், லன்னும் அப்படியே: 40104000 00000000. "க்யூ லோட்டெவ்" போட்டுச் சரிபாருங்க. லாக்ஆஃப் ஆனா அந்த செட் போயிடும், டைரக்டரியில லோட்டெவ் வரி இருக்கட்டும். எம்எல்ஓபிடிஎம்003ஐ வந்துட்டா மெஷின் லோடர் தன் வேலையை முடிச்சாச்சு. அதுக்கு அப்புறம் நின்னா ஸோனிங்கைச் சந்தேகப்படாதீங்க, கர்னல் வரியில ஆர்டி.இசட்எஃப்சிபியைப் பாருங்க.

புதுஅட்மின் | 6 மார்ச், மாலை 4:10

டிஆர் (பேரிடர் மீட்பு) சைட்ல பழைய பெட்டி. அங்க ரெட் ஹேட் 9 கெஸ்ட் "மோர் ரீசண்ட் ப்ராசசர் ஹார்ட்வேர்" வேணும்னு ஒரே வரி சொல்லிட்டு வெயிட்ல விழுது.

ஈசிகேடி_ஒன்பது | 6 மார்ச், மாலை 4:35

ரெட் ஹேட் 9க்கு இசட்14 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். "க்யூ சிபியுஐடி" அடியுங்கள். 9 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் பெட்டி வகை. 2964, 2965 இசட்13 குடும்பம். 3906, 3907 இசட்14. 8561, 8562 இசட்15. 2964 வந்தால் அந்தக் கெஸ்ட் அங்கே எழாது, டிஆர் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். பெட்டி புதிதாக இருந்தும் இந்த வரி வந்தால் "க்யூ விஎம்ரெலொகேட்" பாருங்கள். ரெலொகேஷன் டொமைனில் (கெஸ்டை ஓடும்போதே இடம் மாற்றக்கூடிய பெட்டிகளின் குழு) உள்ள கெஸ்டுக்கு அந்தக் குழுவின் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வசதிகள் மட்டுமே காட்டப்படும்.

தரைத்தள_ராக் | 7 மார்ச், காலை 8:20

முதல் கெஸ்டைப் பெரிய டிஸ்குக்கு மாத்திட்டோம், ரூட் இப்போ 201ல. ப்ரொஃபைல் எக்செக்ல "ஐபிஎல் 201"ன்னு மாத்தியாச்சு. லாகான் பண்ணா 201ல எழுது. உள்ள இருந்து "ரீபூட்" அடிச்சா மறுபடி 200ல போய் எழுது.

பச்சைத்திரை | 7 மார்ச், காலை 8:45

ரீபூட் ப்ரொஃபைலைப் பார்க்காது. லினக்ஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/ரீஐபிஎல்ல இருக்கிற டிவைஸைத்தான் ஐபிஎல் பண்ணும். "எல்எஸ்ரீஐபிஎல்" அடிச்சு 0.0.0200ன்னு காட்டுதான்னு பாருங்க. "சிஎச்ரீஐபிஎல் சிசிடபிள்யூ 0.0.0201". அப்புறம் 201 மேல ஒருதடவை "இசட்ஐபிஎல் -வி" ஓட்டி, அது எழுதுற டிவைஸ் 0.0.0201தானான்னு அந்த வெளியீட்டுலயே பாருங்க. 200ஐ உடனே அழிக்காதீங்க, டைரக்டரியில ஆர்ஆர் ஆக்கி வைங்க.

தரைத்தள_ராக் | 7 மார்ச், காலை 9:05

வெளியீட்டுல 0.0.0200ன்னு வந்துச்சு. /பூட் இன்னும் பழைய டிஸ்க்லயே மவுண்ட் ஆகியிருந்துச்சு, எஃப்எஸ்டேப்ல பழைய யுயுஐடி. மாத்திட்டு மறுபடி ஓட்டினேன், இப்போ 0.0.0201. ரீபூட்டும் சரியா 201ல எழுந்துடுச்சு.